எங்கள் பேரைச் சொல்லி வாங்கியவர்கள் யார்?

விவசாயிக்குக் கொடுத்தோம், விவசாயிக்குக் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்களே, எந்த விவசாயிக்குக் கொடுத்தீர்கள்? அவர் பேர் என்ன? எந்த ஊர்? எந்த சர்வே நம்பரில் அவர் நாற்று நட்டார்? வாங்கிய தொகை எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை எழுதி ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதைக் கேட்டாலே எங்களைக் கலகம் செய்ய வந்தவர்களைப் போலப் பார்க்கிறீர்கள்.

நான் தென்பெண்ணைக் கரையோரம் நெல்லும் மணிலாவும் போடுகிறவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் கழனியைத் தரிசாகப் போடாமல் இழுத்துக்கொண்டு வருகிறவள். ஒன்றரை ஏக்கர் குடும்பப் பங்கு, இரண்டு ஏக்கர் குத்தகை, இவ்வளவுதான் என் வெள்ளாமை. பி.எம். கிசான் திட்டத்தை 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கினார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. 2025 நவம்பர் 19 அன்று 21-ஆவது தவணையை நம்முடைய கோயம்புத்தூரிலிருந்தே விடுவித்தார்கள். 9 கோடி விவசாயிகள், 18,000 கோடி ரூபாய் என்றார்கள். அன்றைக்கும் என் கணக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. அதற்கு முந்தைய இருபது தவணையிலும் ஏறவில்லை.

2,000 ரூபாயெல்லாம் ஒரு பணமா என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய். ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணை வந்தால் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் கடன் சொல்லாமல் எடுக்கலாம். கடன் சொல்லி எடுத்தால், அறுப்பு முடிந்த அன்றைக்கே உரக்கடைக்காரர் ஆள் களத்துமேட்டில் வந்து நிற்பார். அவர் சொல்லும் விலைக்கு மூட்டை போகும். ஈரம் காயும் வரை, நல்ல விலை வரும் வரை காத்திருக்க முடியாது. அந்த 2,000 ரூபாய் கையில் இருக்கிறவள் களத்தில் நிமிர்ந்து நின்று பேசுவாள். இல்லாதவள் தலையைக் குனிந்துகொண்டு அளந்து கொடுப்பாள்.

அந்தப் பணத்தைத்தான் 2020-இல் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தின்றார்கள்.

கொரோனா ஊரடங்கு நேரம். பஸ் ஓடவில்லை. சந்தை கூடவில்லை. பறித்த காய் கொல்லையிலேயே கிடந்து அழுகியது. எங்களுக்கு நாதியில்லாமல் போன அந்த மாதங்களில்தான் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று மாவட்டம் மாவட்டமாக, திடீரென்று லட்சக்கணக்கான புது ‘விவசாயிகள்’ கணினியில் ஏறினார்கள். அவரவரே இணையத்தில் விண்ணப்பம் பதியலாம் என்று வழி திறந்திருந்தது. பதிந்ததைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் அலுவலகத்துக் கடவுச்சொல்லில் இருந்தது. அந்தக் கடவுச்சொல் தரகர்கள் கைக்கும் தனியார் கணினி மையங்களுக்கும் போனது. நிலத்தை நேரில் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை. சென்ட் நிலம் இல்லாதவர்கள் விவசாயிகள் ஆனார்கள். ஊருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் எங்கள் மாவட்டங்களின் கணக்கில் பயனாளிகள் ஆனார்கள்.

ஆகஸ்ட் மாதம் குட்டு உடைந்தது. தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். அறிவித்த சமயத்தில் மீட்டிருந்தது 32 கோடி. ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், தரகர்கள் கைதானார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. நாளிதழ்களில் நாலு நாள் செய்தி வந்தது. அத்தோடு ஊர் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

எங்களால் போக முடியவில்லை. அந்தக் களவில் அடிபட்டவர்கள் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். என் கழனிக்குக் களை எடுக்க வருகிற பெண்ணிடம், ‘கொரோனாவுக்கு கவர்மெண்ட் பணம் தருது, ஆதாரும் பாஸ்புக்கும் குடு’ என்று ஒருவன் வாங்கிப் போயிருக்கிறான். பணம் வந்ததும் அதில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சில மாதம் கழித்து, ‘நீ விவசாயி இல்லை, வாங்கியதைத் திருப்பிக் கட்டு’ என்று ஆள் வந்தது. அவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘அக்கா, நான் என்னிக்குக்கா நிலம் வெச்சிருந்தேன்? நான் விவசாயின்னு எழுதினது நானாக்கா?’ என்று அழுதாள். கமிஷன் வாங்கியவன் அந்தக் கமிஷனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2,000 ரூபாயையும் அவள்தான் புரட்டிக் கட்டினாள், அடுத்தவர் கழனியில் குனிந்து கூலி வாங்கி. அவள் பேரைக் குற்றவாளி மாதிரி ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பேரைக் கணினியில் ஏற்றியவன் பேர் எந்தக் காகிதத்திலும் அவள் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது இதுதான். சேர்த்த அன்றைக்கே அந்தப் பட்டியலை எங்கள் ஊர் நடுவில் நின்று உரக்கப் படித்திருந்தால் இந்தக் களவு நடந்திருக்குமா? எங்கள் ஊரில் யாருக்கு எத்தனை சென்ட் இருக்கிறது, எந்த மடை யாருடையது, எந்தப் போர் யார் பங்கு, யார் நிலத்தை யார் உழுகிறார் என்பதெல்லாம் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் தானாகத் தள்ளிப் போய் விழும். அதுபோல, பத்துப் பேர் நடுவில் பேர் படித்தால் பொய்ப் பேர் தானாக ஒதுங்கிவிடும். ‘இந்தாளு யாரு? இவருக்கு எங்கப்பா நிலம்?’ என்று ஒரு கிழவி கேட்டால் போதும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பட்டியலை மூடி வைக்கிறார்கள்.

பட்டியலை ஊராட்சியில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. பி.எம். கிசான் வழிகாட்டு நெறிமுறையிலேயே அது எழுதியிருக்கிறது. எழுதியது எழுதியபடி இருக்க, எங்கள் ஊராட்சிச் சுவரில் டெங்கு விளம்பரம் இருக்கிறது, வரி கட்டச் சொல்லும் அறிவிப்பு இருக்கிறது, பயனாளிகள் பட்டியல் மட்டும் இல்லை. இணையத்தில் கிராம வாரியாகப் பேர் போட்டிருக்கிறோமே என்பார்கள். போட்டிருக்கிறீர்கள், உண்மைதான். அதைத் தேடி எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் வேலைக்கு ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்விட்டார்கள். தேடி எடுத்தாலும் அதில் பேர் இருக்கும், ஆணா பெண்ணா என்பது இருக்கும். எந்த நிலத்தைக் காட்டி அவர் வாங்குகிறார் என்பது இருக்காது. ஒரே பேரில் ஊருக்கு ஐந்து பேர் இருக்கிற நாட்டில், நிலத்தைச் சொல்லாத பட்டியலை வைத்து யாரை என்னவென்று கேட்பது?

தமிழ்நாட்டோடு போன விஷயம் என்றும் நினைக்காதீர்கள். வெங்கடேஷ் நாயக் என்ற தகவல் உரிமை ஆர்வலர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் 2021 ஜனவரியில் வெளியானது. தகுதியில்லாத 20 லட்சத்து 48 ஆயிரம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் வருமான வரி கட்டுகிறவர்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது என்பது திட்டத்தின் விதி. அரசு ஊழியர்களுக்கும், 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குவோருக்கும், தொழில் செய்கிற டாக்டர், இன்ஜினியர், வக்கீல், ஆடிட்டருக்கும் கிடையாது. அரசுப் பணியில் கடைநிலை ஊழியருக்கு மட்டுமே விலக்கு. அதே ஆண்டு ஜூலையில் வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இன்னும் பெரியது. தகுதியில்லாதவர்கள் 42 லட்சத்துக்கும் மேல், திரும்ப வாங்க வேண்டிய தொகை கிட்டத்தட்ட 3,000 கோடி. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல்.

வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் உள்ளவர் 2,000 ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். யூரியா மூட்டைக்கு மூக்குத்தியை அடகு வைத்தவள் நான். அவர் பேர் இருந்தது, என் பேர் இல்லை. ஏன் இல்லை என்பதையும் கேளுங்கள்.

என் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா என் மாமனாரின் அப்பா பேரில் இருக்கிறது. அவர் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டாவில் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதை மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், பங்காளிகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை, ஒருவருக்கு எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை. இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு செலவு. ரசீது இருக்கிற செலவு கொஞ்சம், ரசீது இல்லாத செலவு அதிகம். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பட்டாவில் பேர் இல்லை, ஆகவே நீ விவசாயி இல்லை என்று கணினி சொல்கிறது.

குத்தகை எடுத்திருக்கிற இரண்டு ஏக்கர் கதை இதைவிடக் கேவலம். நிலத்துக்காரர் குடும்பம் சென்னையில் இருக்கிறது. குத்தகைக்கு எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்று அவர்களுக்குப் பயம். 1955-இல் எங்களைக் காப்பாற்றப் போட்ட சட்டமே இன்று எங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காமல் போகக் காரணமாகி நிற்கிறது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இன்னொரு சட்டம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பதிவேட்டில் பேர் உள்ள ஒருவரை எனக்குக் காட்டுங்கள், நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். பி.எம். கிசானில் நிலவுடைமை ஒன்றுதான் தகுதி, குத்தகைதாரருக்கு இடமே இல்லை. உழுவது நான், உரம் போடுவது நான், மழையில் நனைவது நான். ‘விவசாயி’ என்று பணம் வாங்குவது சேற்றை மிதித்து இருபது வருஷம் ஆன ஒருவர்.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் எங்களைப் புரட்டிப் போட்டது. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பால் பிடிக்கிற பருவத்தில் இருந்த சம்பா நெல் தெரியவில்லை. ஒரு முழம் உயரத்துக்கு ஆற்று மணல் மூடிக் கிடந்தது. கையால் மணலைத் தள்ளிப் பார்த்தால் அடியில் பயிர் பச்சையாகவே மடங்கிக் கிடந்தது. மேட்டுக் கொல்லை மணிலாவைப் பிடுங்கினால் காய்க்குள்ளேயே முளை விட்டிருந்தது. அந்த மணலை வாரி வெளியே கொட்டுவதற்கு ஆன டிராக்டர் வாடகை மட்டும் அந்த வருஷக் குத்தகையைத் தாண்டியது.

பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு நூற்றுக்கு நூறு சேதம். கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டோரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பணம் வந்ததாக ஊரில் பேச்சு வந்தது. யார் யாருக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அலுவலகத்துக்குப் போனேன். மேசைமேல் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது, மேலே எங்கள் ஊர்ப் பேர் எழுதியிருந்தது.

‘சார், எங்க ஊரு லிஸ்ட்டுங்களா இது? எம்பேரு இருக்குதான்னு பாக்கணும்.’

‘உன் பேர் இல்லம்மா. நிலத்துக்காரர் பேருல போயிருக்கும்.’

‘எவ்ளோ போச்சுங்க?’

‘அதெல்லாம் உனக்கு எதுக்கு? அடுத்தவங்க கணக்கு விவரத்தைச் சொல்லக்கூடாது.’

அவர் அந்தக் கட்டைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். என் கழனியில் விளைந்து அழிந்த நெல்லுக்கு வந்த பணம் எவ்வளவு, யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையாம். மணலை வாரிய என் கையில் அன்றைக்குக் கொப்புளம்கூட ஆறியிருக்கவில்லை. என் நஷ்டத்துக்கு வந்த பணம் எனக்கு ‘அடுத்தவங்க கணக்கு’ ஆகிவிட்டது.

இப்படித்தான் ஒவ்வொன்றும் நடக்கிறது. 2021 பிப்ரவரி 5 அன்று கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி, 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு லாபம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பட்டாவும் இல்லாமல், அடங்கலில் பேரும் இல்லாமல் எனக்குச் சங்கத்தில் கடனே கிடைத்ததில்லை. கடனே கிடைக்காதவளுக்குத் தள்ளுபடி எங்கிருந்து வரும்? நான் வாங்கியது கந்துவட்டி, அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் என்கிறார்கள். பவர் டில்லருக்கு மானியம், சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் என்கிறார்கள். இவையெல்லாம் எங்கள் ஊருக்கு எத்தனை வந்தன, யார் வாங்கினார்கள், வாங்கியது இன்னும் அவர்கள் கொல்லையில் இருக்கிறதா, கைமாறிப் போய்விட்டதா என்று சொல்ல ஒரு பலகை உண்டா? இருந்தால் எங்கே என்று காட்டுங்கள்.

சட்டம் இருந்தது, ஐயா. எங்களுக்காகவே ஒரு சட்டம் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4-ஆவது பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்பதையெல்லாம் யாரும் மனுப் போடாமலே அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் டில்லியில் படித்தவர்கள் மட்டும் கூடிக் கொண்டுவந்ததல்ல. ராஜஸ்தானில் எங்களைப் போன்ற ஏழை ஜனங்கள், அருணா ராய் போன்றவர்களோடு சேர்ந்து, 1994 முதல் ஊர் ஊராகப் பந்தல் போட்டு அரசுக் கணக்கை உரக்கப் படித்தார்கள். பில்லைக் காட்டு, வேலைக்கு வந்தவர்கள் பட்டியலைக் காட்டு என்று நின்றார்கள். செய்யாத வேலைக்கும் இல்லாத ஆளுக்கும் எழுதிய கூலி ஊர் நடுவில் அம்பலமானது. பேர் படிப்பதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவர்கள் காட்டிய பிறகுதான் நாடு முழுக்க இந்தச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் பல்லைத்தான் இப்போது பிடுங்கியிருக்கிறார்கள். 8-ஆவது பிரிவில் முன்பு ஒரு காப்பு இருந்தது. பொது விவகாரத்தோடு சம்பந்தமில்லாத, அல்லது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டும்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அந்த வாசகங்களை வெட்டி எறிந்தது. ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே போதும், மறுத்துவிடலாம். 2025 நவம்பரில் அந்த வெட்டு நடைமுறைக்கு வந்தது. அதே மாதம்தான் கோயம்புத்தூரில் 18,000 கோடியை விடுவித்தார்கள். பணத்தைக் கொடுத்ததை ஊரைக் கூட்டிச் சொன்னார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கும் கதவை அதற்குச் சில நாள் முன்புதான் ஒருக்களித்துச் சாத்தியிருந்தார்கள்.

பொது நலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று 8(2) இன்னும் இருக்கிறதே என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. அதைக் காட்டி மேல்முறையீடு, தகவல் ஆணையம் என்று வருஷக்கணக்கில் வாதாட வேண்டிய பாரம் யார் தலையில்? விடிந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு மடை திருப்பப் போகிறவள் தலையில்.

எங்களுக்கு அடுத்தவர் அந்தரங்கம் வேண்டாம். ஆதார் எண்ணை மறையுங்கள். வங்கிக் கணக்கை மறையுங்கள். போன் நம்பரை மறையுங்கள். அவை திருடர் கையில் போனால் என்ன ஆகும் என்று 2020-இல் எங்களைவிட அனுபவித்தவர்கள் இல்லை. பேர், நிலம், திட்டம், தொகை, தேதி, இவ்வளவு போதும். ஒருவர் வீட்டு வருமானத்தை நாங்கள் கேட்கவில்லை. ஊர் வரிப்பணத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போனதைக் கேட்கிறோம். விவசாயி என்று சொல்லிப் பணம் வாங்கியவருக்கு, விவசாயி என்று ஊரறிய நிற்பதில் என்ன கூச்சம்?

ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. விவசாய மானியம் வாங்கியவர்கள் பேரை வெளியிடுவது அந்தரங்கத்தில் தலையிடுவது என்று ஜெர்மானிய விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள். 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம், தனிநபர்கள் எல்லோர் பேரையும் கண்மூடித்தனமாக வெளியிடுவது செல்லாது என்றது. அத்தோடு பட்டியலைப் பூட்டி வைத்துவிட்டார்களா? 2013-இல் புதுச் சட்டம் போட்டார்கள். மிகச் சிறிய தொகை வாங்குவோரின் பேரை மட்டும் மறைத்து, மற்றவர்கள் பேரும் தொகையும் வெளியில் தெரியும்படி செய்தார்கள். மனமிருந்தால் அந்தரங்கத்தையும் காப்பாற்றலாம், பொதுப்பணத்துக்குக் கணக்கும் சொல்லலாம். இங்கே அந்தரங்கம் என்ற பேரில் காப்பாற்றப்படுவது யாரை? அந்தக் களையெடுக்கிற பெண்ணின் ஆதார் தெருத்தெருவாகப் போனபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது?

ஊருக்குள்ளேயும் சிலர் சொல்கிறார்கள்: ‘பட்டியல் போட்டா பங்காளிச் சண்டை வரும், சாதிச் சண்டை வரும், எதுக்கு வம்பு?’ சண்டை இப்போது இல்லையா? இருக்கிறது, வாய் திறக்காமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டு. அவனுக்கு வந்தது, இவனுக்கு வந்தது என்று வதந்தி பேசி ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சாகிறோம். நியாயமாக வாங்கிய ஏழையைக்கூடத் திருடன் என்கிறார்கள். பட்டியல் வெளியே வந்தால் நியாயமாக வாங்கியவர் தலை நிமிர்ந்து நடப்பார். அந்த மானத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் கவிழ்த்து வைத்த காகிதத்துக்கடியில் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

அரசுக்கு எங்கள் கோரிக்கை நேரானது. மத்திய அரசோ மாநில அரசோ, நிவாரணமோ மானியமோ தள்ளுபடியோ, விவசாயத்தின் பேரில் போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கிராம வாரியாகப் பட்டியல் போடுங்கள், நிலத்தின் சர்வே நம்பரோடு. பணம் போவதற்கு முன்னால் ஒரு முறை, போன பிறகு ஒரு முறை கிராம சபையில் படியுங்கள். ஆட்சேபம் சொன்னவர் பேரையும் அதற்குக் கிடைத்த பதிலையும் எழுதுங்கள். நிலம் யாருடையது என்பதோடு, சாகுபடி செய்பவர் யார் என்ற பத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். அடங்கலில் உழுகிறவர் பேரை எழுதுங்கள். பயிர் அழிந்தால் பயிர் வைத்தவருக்கு நிவாரணம் கொடுங்கள். 4-ஆவது பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை அமல்படுத்த எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

அதிகாரிகளே, உங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளத்தன்று இடுப்பளவுத் தண்ணீரில் வந்து எங்களைக் கரையேற்றியவர்களும் உங்கள் ஆட்கள்தான். பட்டியலை வெளியே வைத்தால் உங்கள் நேர்மையும் ஊருக்குத் தெரியும். மூடி வைத்தால் திருடனோடு சேர்த்து உங்களையும் ஊர் பேசும்.

கடைசியாக, என்னைப் போல மண்ணில் கிடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை நாள். நூறு நாள் வேலை அட்டையைக் காட்டிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார்கள், நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, ‘நம்ம ஊருக்கு வந்த விவசாயப் பணம் எவ்வளவு, வாங்கினவங்க யாரு, படிங்க’ என்று கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவளையும் எழுப்பிச் சேர்ந்து கேளுங்கள். பதில் வரும் வரை உட்காராதீர்கள். பட்டியலைப் படிக்காத கிராம சபையின் நோட்டில் கையெழுத்தும் போடாதீர்கள், ரேகையும் வைக்காதீர்கள்.